சமாதானக் கூட்டத்தின் தத்துவம்

வி.களத்தூர் தீர்ப்பைப் பற்றி நம்மவர்களில் யாரும் எழுதவில்லை. பெரம்பலூர் ஜில்லா வேப்பந்தட்டை தாலுகாவைச் சேர்ந்த அந்த ஊரின் பெயர் 2021 மே மாதத்தில் ஒரு வாரம் டில்லிப் பத்திரிகைகள் வரை அடிபட்டது, பிறகு ஓய்ந்துவிட்டது. கொண்டாடியவர்களுக்கு அது ஹிந்துக்களின் வெற்றி. கண்டித்தவர்களுக்கு சிறுபான்மையினர் மீது விழுந்த இன்னொரு அடி. இரண்டு பக்கத்திலும் தீர்ப்பைப் படித்தவர்கள் அதிகம் இருந்ததாகத் தெரியவில்லை. ஃபூக்கோவுக்கும் தெரிதாவுக்கும் பக்கங்களை அள்ளித் தரும் நம்முடைய சிறு வட்டம், அதிகாரம் என்பது தன் காலடியில் ஒரு தெருவாகக் கிடந்தபோது குனிந்து பார்க்கவில்லை. ஒரு கவிஞ நண்பர் இதை 'லோக்கல் விவகாரம்' என்றார். இருக்கட்டும். லோக்கல் விவகாரத்தில் நிற்காத தத்துவம் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

விவரம் இதுதான். வி.களத்தூரில் முஸ்லீம்கள் எண்ணிக்கையில் அதிகம். அங்குள்ள ஹிந்துக் கோயில்களுக்கு மூன்று நாள் திருவிழா, சாமி ஊர்வலம். 2011 வரை ஊர்வலம் எல்லாத் தெருக்கள் வழியாகவும் தகராறில்லாமல் போய்வந்தது என்றும், 2012-லிருந்து சில விழாக்கள் பாவம் என்று சொல்லி முஸ்லீம்கள் ஆட்சேபித்தார்கள் என்றும் தீர்ப்பு பதிவு செய்கிறது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. நீதிபதிகள் கிருபாகரனும் வேல்முருகனும் அடங்கிய பெஞ்சு, ஒரு பகுதியில் ஒரு மதத்தவர் அதிகம் என்ற காரணத்தால் மட்டும் மற்ற மதத்தவரின் ஊர்வலம் அந்தச் சாலையில் வரக்கூடாது என்று சொல்ல முடியாது என்று தீர்த்தது.

முடிவு சரியானது. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் முற்போக்கு நண்பர்கள் இந்த இடத்தில்தான் இருமத் தொடங்குகிறார்கள். சிறுபான்மை என்பது தேசக் கணக்கில் சிறுபான்மை, வி.களத்தூர்த் தெருவில் அது பெரும்பான்மை. அதிகாரம் தெருவுக்குத் தெரு மாறும் சரக்கு. தேச வரைபடத்தை வைத்துக்கொண்டு கிராமத் தெருவில் யார் பலவீனன் என்று கண்டுபிடிக்கப் போனால் தப்பான ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

ஆனால் முடிவுக்கு நீதிமன்றம் வந்த வழியில் ஒரு இடம் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. எதிர்த்தரப்பின் வாதத்தை ஏற்றுக்கொண்டால், இந்தியாவின் பெரும்பாலான பகுதிகளில் சிறுபான்மையினர் எந்த விழாவும் ஊர்வலமும் நடத்த முடியாத நிலை வரும் என்கிறது தீர்ப்பு. ஒரு மதத்தவர் எதிர்க்க, மற்றவர்கள் பதிலுக்கு எதிர்க்க, குழப்பமும் கலவரமும் மிஞ்சும் என்கிறது. பலரும் பாராட்டிய பகுதி இது. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இது உரிமை பற்றிய வாக்கியமே இல்லை என்பது புரியும். நீ இங்கே தடுத்தால் அங்கே உன்னைத் தடுப்பார்கள், ஆகவே தடுக்காதே. சந்தையில் இரண்டு ரௌடிகளுக்கு நடுவே தரகன் சொல்லும் வார்த்தை இது. நாளைக்கு எங்கேயாவது யாரும் பதிலுக்குத் தடுக்க முடியாத அளவு ஒரு தரப்பு பலம் பெற்றுவிட்டால், இந்த வாதத்துக்கு அன்றைக்கே உயிர் போய்விடும்.

ஜான் ரால்ஸ் 1993-ல் வெளியிட்ட 'அரசியல் தாராளவாதம்' நூலில் இந்த வேறுபாட்டைத்தான் பிடிவாதமாக வலியுறுத்துகிறார். ஐரோப்பாவில் கத்தோலிக்கர்களும் ப்ராட்டஸ்டண்டுகளும் பதினாறாம் நூற்றாண்டில் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டது சகிப்பு நல்லது என்று கண்டுகொண்டதால் அல்ல. ஒழித்துவிட முடியவில்லை என்பதால். அப்படிப்பட்ட ஏற்பாடு பலச் சமநிலை உள்ளவரைதான் நிற்கும். நியாயம் என்று பெயர் சொல்ல வேண்டுமானால், ஒரு தரப்பு நாளைக்கே பத்து மடங்கு பெருத்தாலும் அதே விதியை அதே தரப்பு ஏற்கும்படி இருக்க வேண்டும். 1971-ல் அவர் எழுதிய 'நியாயத்தின் கோட்பாடு' நூலில் வரும் அறியாமைத் திரையைப் பற்றி நம் ஊரில் பேச ஆரம்பித்தாலே சிலருக்கு அமெரிக்க வாடை அடிக்கிறது. வாடையை விடுங்கள். வி.களத்தூரில் நாளைக்குப் பிறக்கப் போகிறாய், எந்தத் தெருவில் என்று தெரியாது, தெருவைப் பற்றி ஒரு விதி எழுது என்றால் என்ன எழுதுவாய்? அவ்வளவுதான் அந்தத் திரை. அதற்குள் பதிலடிக் கணக்குக்கு இடமில்லை. எவன் பலசாலி என்பதே தெரியாதபோது யாரை மிரட்டுவது?

இந்தப் பதிலடிக் கணக்கை நீதிபதிகள் புத்தகத்தில் படித்துக்கொள்ளவில்லை. அது நம் நிர்வாகத்தின் தினசரி மூச்சு. பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களை ஒரு காலத்தில் திருச்சியிலிருந்து பிரித்தார்கள், பிறகு ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்தார்கள், சேர்த்தார்கள், மறுபடி 2007-ல் பிரித்தார்கள். இத்தனை வெட்டு ஒட்டுக்கும் அசையாமல் நிற்கும் ஸ்தாபனம் ஒன்று உண்டு: தாலுகா ஆபீஸ் சமாதானக் கூட்டம். தேர், தண்ணீர்க் குழாய், சுடுகாட்டுப் பாதை, கொடிக்கம்பம், எதுவானாலும் தகராறு என்று வந்துவிட்டால் தாசில்தாரோ ஆர்.டி.ஓ.வோ இரண்டு தரப்பையும் கூப்பிடுகிறார். மேஜைக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர். இந்தப் பக்கம் வெள்ளை வேட்டியில் 'முக்கியஸ்தர்கள்'. பெண்கள் கிடையாது, இருபத்தைந்து வயதுக்குக் கீழே யாரும் கிடையாது. உரிமை கேட்டு வந்தவனும் அதை மறுக்க வந்தவனும் ஒரே மாதிரி நாற்காலியில் உட்கார வைக்கப்படுகிறார்கள். நடுநிலை என்பது நாற்காலிகளின் சமத்துவம்! 'நீங்களும் கொஞ்சம் விட்டுக் கொடுங்க, அவங்களும் கொஞ்சம் விட்டுக் கொடுக்கட்டும்' என்று ஆரம்பித்து, சாமி மூன்று தெருவுக்குப் போகட்டும், நாலாவது தெரு வேண்டாம் என்று முடியும். எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள். அரசியல் சாசனத்தின் 15-ஆம் ஷரத்து அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் சாலைகளில் மதத்தாலோ ஜாதியாலோ எந்தக் குடிமகனுக்கும் தடை இருக்கக் கூடாது என்கிறது. அந்தக் காகிதத்தில் ஷரத்து முக்கால் தெரு ஆகிவிடுகிறது. கையெழுத்துக் கிடைக்காவிட்டால் 144 இருக்கவே இருக்கிறது. 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் அதற்கு 163 என்று நம்பர், காரியம் அதேதான். யாருமே தெருவில் இறங்க வேண்டாம் என்று உத்தரவு. மிரட்டியவன் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம், அவன் கேட்டது அவனுக்குக் கிடைத்துவிட்டது.

இந்தக் கூட்டத்தில் குடிமகன் என்று ஒருவன் இல்லவே இல்லை. இருப்பது 'ஊர்'. தமிழில் இந்தச் சொல்லுக்கு உள்ள அர்த்தத்தை நம் மொழி ஆராய்ச்சியாளர்கள் பூசி மெழுகியே பழகிவிட்டார்கள். ஊர் என்றால் வசிக்கிற இடம் மாத்திரமல்ல. ஊர் என்பது சேரிக்கு எதிர்ப்பதம். ஊர்க்கட்டுப்பாடு, ஊர்க்கூட்டம், ஊர்த்தெரு, ஊரை விட்டு ஒதுக்கிவைப்பது என்று சொல்லும்போது நாம் ஒரு அரசாங்கத்தைப் பற்றிப் பேசுகிறோம், சென்னையையும் டில்லியையும் விடப் பழைய அரசாங்கம். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிக் கடுமையாகப் பேசியபோது பலருக்குப் பிடிக்கவில்லை. அரசியல் சாசனத்தின் அலகு கிராமமல்ல, தனிமனிதன் என்பதில் தமக்கு மகிழ்ச்சி என்ற அர்த்தத்தில் அவர் பேசினார். அதற்கு முந்திய வருஷமே, 'ராஜ்யங்களும் சிறுபான்மையினரும்' என்ற மகஜரில், சமூக பகிஷ்காரத்தைக் குற்றமாக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். ஊர் என்ற அரசாங்கம் தண்டிக்கும் முறை எது என்று அவருக்குத் தெரியும்.

என் கட்சி இதுதான்: வி.களத்தூரில் முஸ்லீம்கள் நடந்துகொண்டது முஸ்லீம்களாக அல்ல, ஊராக. பெரும்பான்மையாக உள்ள இடத்தில் தெரு தனக்குச் சொந்தம் என்று நினைக்க அவர்கள் வேதத்தைப் புரட்ட வேண்டியதில்லை. சுற்றியுள்ள நூறு கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். பாவம் என்ற வார்த்தை மட்டும்தான் மதத்திலிருந்து வந்தது, தெருவை மறிக்கும் கை ஊரினுடையது. இதை மத மோதல் என்று படித்த இரு தரப்பு எழுத்தாளர்களும் தோலைப் பார்த்து எலும்பைக் கோட்டைவிட்டார்கள்.

அப்படியானால் எந்த ஊர்வலத்தையும் யாரும் எதுவும் கேட்கக் கூடாதா என்று கேட்பார்கள். கேட்கலாம். எந்தக் காரணத்தைச் சொல்லிக் கேட்கிறாய் என்பதுதான் விஷயம். தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் முன்னால் மேளத்தை நிறுத்து என்பது ஒரு காரணம். அதை ஒரு ஹிந்துவும் புரிந்துகொள்ள முடியும், தன் கோயில் வாசலுக்கும் பொருத்திப் பார்க்க முடியும். உன் விழா பாவம், ஆகையால் என் கண்ணில் படக் கூடாது என்பது வேறு ஜாதிக் காரணம். அதைப் புரிந்துகொள்ள அடுத்தவன் முதலில் மதம் மாற வேண்டும். சட்டம் இந்தக் கோட்டைத் தொட்டுத் தடவிக் கண்டுபிடிக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சேலத்தில் 1882-ல் மசூதியை ஒட்டி நடந்த பெரும் கலவரத்துக்குப் பிறகு, சுந்தரம் செட்டி வழக்கில் 1883-ல் சென்னை உயர் நீதிமன்றம் இசையோடு ஊர்வலம் போகும் உரிமையை ஆராய்ந்தது. 1924-ல் ப்ரிவி கவுன்ஸிலுக்குப் போன வழக்கில் இரு தரப்பும் முஸ்லீம்கள்: ஷியாக்களின் ஊர்வலம், சன்னிகளின் ஆட்சேபம். பொதுத் தெருவில் ஊர்வலம் போக உரிமை உண்டு, அதிகாரிகளின் நியாயமான கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு என்று முடிவாயிற்று. மில் 1859-லேயே இதற்கு ஒரு உதாரணம் சொல்லியிருக்கிறார். முஸ்லீம்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் யாரும் பன்றி மாமிசம் தின்னக் கூடாது என்று விதித்தால் அது சரியா? அவர்களுடைய அருவருப்பு நிஜமானது, போலி அல்ல என்று ஒப்புக்கொண்டே அவர் சரியில்லை என்கிறார். இந்த உதாரணத்தை மாட்டிறைச்சிக்குத் திருப்பிப் போட்டுப் பார்க்க இன்றைக்கு இந்தியாவில் எத்தனை பேருக்குத் தைரியம் உண்டு? வி.களத்தூர் தீர்ப்பைக் கைதட்டி வரவேற்றவர்களைத்தான் கேட்கிறேன். ஒரு கிராமத்தில் நாலு கிறிஸ்தவக் குடும்பங்கள் ஜெப வீடு கட்ட கலெக்டர் அனுமதி கேட்டுக் காத்திருக்கும்போது, ஊர் ஆட்சேபிக்கிறது என்று ஒரு மனு வந்தால் கோப்பு நகராது. அந்த மனுவில் உள்ள காரணமும் பாவம் என்பதுதான், வேறு மதத்துப் பாஷையில்.

ஊர்வலம் எப்போதும் அப்பாவியானதல்ல என்பதும் எனக்குத் தெரியும். ரால்ஸின் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உடம்பு கிடையாது, தேர் கிடையாது, தவில் கிடையாது. தெருவில் போவது உடம்பு. 1980-ல் இந்து முன்னணி தொடங்கிய பிறகு, பிள்ளையார் ஊர்வலங்கள் போகும் பாதையைத் தேர்ந்தெடுக்கிற விதமே மாறியது. 1990-ல் திருவல்லிக்கேணியில் ஐஸ் ஹவுஸ் மசூதிப் பக்கம் என்ன நடந்தது என்று சென்னைக்காரர்களுக்கு ஞாபகமிருக்கும். வருஷா வருஷம் தன் கோயிலிலிருந்து புறப்பட்டுத் தன் கோயிலுக்குத் திரும்பும் கிராமத்து அம்மன் ஒரு ரகம். மசூதி எங்கே இருக்கிறது என்று பார்த்து அதற்காகவே பாதை போட்டுக்கொண்டு, வாசலில் நின்று கோஷம் போடுவது இன்னொரு ரகம். முதலாவதைத் தடுப்பவனும் இரண்டாவதை நடத்துபவனும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். இருவரும் தெருவுக்குப் பட்டா எழுதுகிறார்கள். ஊர்வல உரிமையைப் பற்றிப் பொதுவாகப் பேசும் எந்தத் தீர்ப்பும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் சிரமத்தை எடுத்துக்கொண்டே ஆக வேண்டும். உரிமை தெருவில் நடக்கும் குடிமகனுக்கு, அவன் தூக்கிக்கொண்டு போகும் விக்கிரகத்துக்கு அல்ல. விக்கிரகத்துக்கு உரிமை என்று ஆரம்பித்தால் அது எந்த வாசலில் நிற்க ஆசைப்படுகிறது என்று சொல்ல உடனே ஒரு கட்சி வந்து சேரும்.

தீர்ப்பில் என்னை மிகவும் உறுத்திய இடம் வேறு. அப்போது நடப்பிலிருந்த 1920-ஆம் வருஷத்து ஜில்லா முனிசிபாலிட்டிகள் சட்டத்தின் 180-ஏ பிரிவை நீதிபதிகள் எடுத்துக்காட்டுகிறார்கள். சாலைகள் மத, ஜாதி, இன வேறுபாடின்றி எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்தக் கருத்து சட்டப் புத்தகத்துக்குள் சும்மா வந்துவிடவில்லை. 1924 ஆகஸ்டில் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில், எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் நடக்க ஆட்சேபம் இருக்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். அதே வருஷம் வைக்கத்தில் சத்தியாக்கிரகம். ஈ.வெ.ரா. சிறைக்குப் போனார். அங்கே கேட்டது கோயிலுக்குள் நுழைய அல்ல, கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்க. 1925-ல் கிடைத்தது என்ன? மூன்று பக்கத்துத் தெருக்கள் திறக்கப்பட்டன, கிழக்குப் பக்கம் திறக்கப்படவில்லை. மிச்சத்துக்கு 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சமாதானக் கூட்டத்தின் முக்கால் தெருக் கணக்கு எவ்வளவு பழையது பாருங்கள்!

ஆக, தெரு எல்லோருக்கும் என்பது இந்த மண்ணில் தீண்டப்படாதவன் அடிபட்டு வாங்கிய வாக்கியம். அவன் தன் வெறுங்காலோடு நடப்பதற்காக வாங்கினான். நூறு வருஷம் கழித்து அந்த வாக்கியத்தின் மீது ஹிந்துவின் சாமி ஊர்வலம் போகிறது. போகட்டும், நான் அதைத் தடுக்கச் சொல்லவில்லை. எல்லாத் தெருக்கள் வழியாகவும் என்று சொல்கிறீர்களே, அந்த எல்லாவில் காலனி உண்டா? வி.களத்தூரைத் தனியாகக் குறிப்பிட்டுக் கேட்கவில்லை, வெள்ளாற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள கிராமங்களைப் பார்த்துக் கேட்கிறேன். தேர் எந்த முக்கில் திரும்பும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். முஸ்லீம் தெருவில் நுழையாவிட்டால் ஹிந்துவின் மானம் போகிறது. சேரியில் நுழையாவிட்டால் அது சம்பிரதாயம். 25-ஆம் ஷரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வழக்காடும் ஹிந்து, 17-ஆம் ஷரத்தைத் திறந்து பார்ப்பதே இல்லை.

பக்கத்து ஜில்லாவில் சேஷசமுத்திரம் என்று ஒரு ஊர். தலித்துகள் தங்கள் மாரியம்மனுக்குத் தாங்களே ஒரு தேர் செய்துகொண்டார்கள். ஊர்க்காரர்களின் தேரை இழுக்க வடம் கேட்கவில்லை, சொந்தத் தேரைப் பொதுச் சாலையில் இழுக்க வேண்டும் என்றார்கள். வி.களத்தூர் ஹிந்துக்கள் கேட்டதற்கும் இதற்கும் சட்டத்தில் ஒரு நூல் வித்தியாசம் கிடையாது. ஊர் சம்மதிக்கவில்லை. 2015 ஆகஸ்ட் 15 அன்று தேர் எரிக்கப்பட்டது, வீடுகளும் எரிந்தன. அந்த அம்மனும் ஹிந்து அம்மன்தான். ஹிந்துக்களின் ஊர்வல உரிமைக்காக நெஞ்சில் அடித்துக்கொண்டவர்கள் அப்போது எங்கே இருந்தார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை, பதில் எல்லோருக்கும் தெரியும். அரியலூர் ஜில்லா பொன்பரப்பியில் 2019 ஏப்ரல் 18 அன்று, பாராளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நாளில், தலித் குடியிருப்பில் வீடுகள் நொறுக்கப்பட்டன. அங்கே தேர் இல்லை, சாமி இல்லை, பானைச் சின்னம்தான் இருந்தது. ஓட்டுச் சாவடிக்குப் போகும் வழியும் ஊரின் தெருவாகவே இருக்கிறது.

இனி நம் நண்பர்களுக்கு வருகிறேன். மதச்சார்பின்மை மேற்கத்திய இறக்குமதி, நம் மரபில் இயல்பான சகிப்பு இருந்தது, நவீன அரசு வந்துதான் அதைக் கெடுத்தது என்ற பல்லவி நம் சிறுபத்திரிகைகளில் அலுக்காமல் கேட்கிறது. ஆஷிஷ் நந்தி 1985-லும் டி.என். மதன் 1987-லும் எழுதியவற்றின் எதிரொலி இது. அவர்கள் கெட்டிக்காரர்கள், எதிரொலிப்பவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. அந்த இயல்பான சகிப்புக்கு நம் பக்கத்து உதாரணமாக ஏலாக்குறிச்சியைக் காட்டுவார்கள். வீரமாமுனிவர் அங்கே அடைக்கல மாதா கோயிலைக் கட்டினார், அரியலூர் மழவராயர் கோயிலுக்கு நிலம் கொடுத்தார் என்பது அங்கே வழங்கும் வரலாறு. நல்லது. அழகான சம்பவம் என்றுகூடச் சொல்வேன். ஆனால் அதன் இலக்கணம் என்ன? பாளையக்காரருக்கு மனம் குளிர்ந்தது, கொடுத்தார். குளிராதிருந்தால் கொடுத்திருக்க மாட்டார். கொடையைப் பெறுகிறவன் கும்பிடுகிறான், உரிமை உள்ளவன் ரசீது கேட்கிறான். 2011 வரை வி.களத்தூரில் நிலவிய சுமுகம்கூட இந்த ஜாதிச் சுமுகமாக இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். யாரோ பெருந்தன்மையாக விட்டிருந்தார்கள், 2012-ல் விட மாட்டோம் என்றார்கள். மரபின் சகிப்புக்கு அப்பீல் கிடையாது. சேஷசமுத்திரத்துத் தேர் எந்த மரபின் சகிப்பை எதிர்பார்த்திருக்க வேண்டும் என்று நந்தியின் சிஷ்யர்கள் சொல்லட்டும்.

மறுபக்கத்தில் பகுத்தறிவு நண்பர்கள். சாமி ஊர்வலமே மூடத்தனம், அது எந்தத் தெருவில் போனால் என்ன என்கிறார்கள். கடவுள் இல்லை என்பது எனக்கும் சம்மதமே, ஆனால் அதை வைத்துக்கொண்டு அரசு நடத்த முடியாது. இது மூடத்தனம் என்று தெருவை மூடுவதும் இது பாவம் என்று மூடுவதும் தெருவில் நிற்பவனுக்கு ஒன்றுதான். தவிர, இதே மண்ணில் நீதிக்கட்சி கொண்டுவந்த சட்டத்திலிருந்து 1959 சட்டம் வரை அரசு கோயில்களின் உண்டியலை எண்ணிக்கொண்டிருக்கிறது. உண்டியலை எண்ணும் கை சேரிக்கு முந்திய முக்கில் திரும்பும் தேரை நேரே விடச் சொல்லி ஒரு உத்தரவு போடக் கூடாதா? இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

எனக்குப் பதில் எழுதுகிறவர்கள் தாராளமாக எழுதலாம். நான் ஹிந்துத்துவவாதி என்று ஒருவரும், ஹிந்து விரோதி என்று இன்னொருவரும் எழுதுவார்கள் என்று தெரியும். இரண்டு பேரும் முதலில் தீர்ப்பைப் படித்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் என் வேண்டுகோள். முடிந்தால் பஸ் ஏறி இந்தப் பக்கம் ஒரு சித்திரைத் திருவிழாவுக்கு வந்து, தேர் நிலையிலிருந்து கிளம்பி எங்கெங்கே போகிறது, எங்கே திரும்புகிறது என்று கூடவே நடந்து பார்த்துவிட்டு எழுதட்டும்.